நேராக வரக்கூடாது

மணி பத்தேகால் ஆகியும் நர்ஸ் வரவில்லை. லூடிவினா வாசல் கேட்டுக்கும் கணவனின் கட்டிலுக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் சொன்ன நடை இது இல்லை.

கட்டிலில் கிறிஸ்புலோவின் நெஞ்சு கரகரத்தது. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சு போய்விட்டது. வலப்பக்கமும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கை, அதில் கிடக்கும் கல்யாண மோதிரம், பழைய குறும்பு கொஞ்சம். மோதிரத்தால் கட்டில் கம்பியை ஒருமுறை தட்டினால் இல்லை, இரண்டுமுறை தட்டினால் ஆமாம். முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே நன்றாகச் சண்டை போட முடிந்தது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தத் துளைக்குள் மெல்லிய குழாயை விட்டு, மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். காலையில் இருந்த நர்ஸ் ஏழு மணிக்கு எடுத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிப் போனாள். பத்து மணிக்கு ரியாலின் வந்துவிடுவாள் என்று போனில் போட்டிருந்தது. சளி போனைப் பார்த்தா சேருகிறது? ஒன்பதரைக்கே தொண்டையில் கொதிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதெல்லாம் லூடிவினாவுக்குத் தெரியாத வேலை இல்லை. இந்தக் கடற்கரை முழுக்க இந்த வேலையைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் மார்ச் மாதத்திலிருந்து அவள் வலது கை நடுங்குகிறது. போன வாரம் அவசரத்துக்கு அவளே குழாயை விட்டாள், சளியோடு ரத்தமும் வந்தது. அன்றைக்கே மகன் ஜெர்வின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனிமேல் நீ தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டு. இரண்டு வருஷமாகக் கம்பெனிக்கு அவன்தான் தலைவன்.

கம்பெனியின் பெயர் பாவுலி. வீட்டுக்குப் போவது என்று அர்த்தம். இலோயிலோ நகரத்திலிருந்து மேற்கே அன்டீக்கே வரைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறவர்கள் என்றால் இவர்கள்தான். ஏழு கிளைகள், நூற்றெண்பது நர்ஸுகள். தொடங்கின அன்றைக்கு இருந்தது ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்று, ரப்பர் மூச்சுப் பை ஒன்று, ஜெட்டாவில் ஐந்து வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த லூடிவினா.

அந்த மூச்சுப் பைதான் எல்லாவற்றுக்கும் முதல். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டால், சொந்த வீட்டில் போய்ச் சாக வேண்டும் என்றுதான் இங்கே எல்லாரும் கேட்பார்கள். மூச்சு விடவைக்கும் மெஷினைக் கூடவே கொடுத்தனுப்ப ஆஸ்பத்திரியில் யாருக்கும் மனசு வராது. பையைக் கொடுத்து, அமுக்கிக்கொண்டே போங்கள் என்பார்கள். அமுக்குகிற வரைக்கும் மூச்சு. பாதி வழியில் கை ஓய்ந்து, ஜீப்பிலேயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். லூடிவினா கூட வந்தால் அப்படி நடக்காது என்று ஊரில் பேச்சாயிற்று. வீடு வரைக்கும் அமுக்குவாள். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும் வரைக்கும், பாதிரியார் வந்து ஜெபம் சொல்லும் வரைக்கும் அமுக்குவாள். போதும் என்று குடும்பம் சொன்ன பிறகுதான் கையை எடுப்பாள்.

அப்படிக் கையை எடுத்துவிட்டு வருகிற நர்ஸுக்குப் பாவுலியில் ஒரு சட்டம் இருந்தது, சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே. சாவு வீட்டிலிருந்து நேராக எங்கேயும் போகக்கூடாது. வழியில் ஓரிடத்தில் நின்று, உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டு, செத்தவரை அங்கேயே இறக்கிவிட்டு, நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அடுத்த வாசலை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கூடவே வந்து, அடுத்த வீட்டில் படுத்திருப்பவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். துக்கம் கேட்கப் போனவர்கள் இந்தத் தீவுகளில் காலகாலமாகச் செய்வதுதான். அதை எழுத்தில் போட்டு ஒரு கம்பெனிக்கே சட்டமாக்கியது லூடிவினா மட்டும்தான்.

கம்பெனி வளர்ந்ததும் அதனால்தான். இவர்கள் ஊரான கிம்பாலின் ரொட்டிக்கடையில் வெள்ளைச் சட்டையோடு ஒருத்தி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தால் யாராவது கேட்காமல் இருப்பார்களா? எங்கள் மாமியாருக்கு ஒரு பக்கம் வரவில்லை, கொஞ்சம் வந்து பார்ப்பாயா என்று ஒருத்தர். என் புருஷனுக்குக் கால் புண் ஆறவில்லை என்று இன்னொருத்தர். ரொட்டிக்கடையின் பின்னறை முதல் கிளை ஆயிற்று. மியாகாவோவில் நூடுல்ஸ் சூப் கடைக்கு மேல்மாடி. ஹம்டிக்கில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில். நர்ஸுகள் எங்கே நின்று செத்தவர்களை இறக்கிவிட்டார்களோ அங்கேயெல்லாம் உயிரோடு இருப்பவர்கள் வந்து கூப்பிட்டார்கள். கேட்க ஒருமாதிரிதான் இருக்கும், என்ன செய்வது.

ஜெர்வின் வந்து இதையெல்லாம் கணினியில் ஏற்றிப் பார்த்தான். மணிலாவில் எட்டு வருஷம் பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தவன். எந்தப் பார்சல் எந்தத் தெருவில் எந்த நிமிஷம் நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அவனுடையது. நர்ஸுகள் நாற்பது நாற்பது நிமிஷமாக ரொட்டிக்கடையில் நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆளுக்கொரு போன், போனுக்குள் ஒரு வரைபடம், வரைபடத்தில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி. காரணமில்லாமல் பத்து நிமிஷம் நின்றால் புள்ளி சிவப்பாகும். மூன்று சிவப்பு வாங்கினால் ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். சாவு காரணத்தில் சேராது.

எல்லாரும் லூடிவினாவைப் பார்த்தார்கள். மனாங் சும்மா விடமாட்டாள் என்று நினைத்தார்கள். அக்காவைத்தான் இங்கே மனாங் என்பார்கள். பாவுலியில் மனாங் என்றால் அவள் ஒருத்திதான். அந்த மனாங் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கிழித்தார்கள், பேசாமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டத்துக்காக வாதாட வேண்டுமென்றால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. ஜெர்வின்தான்.

"ம்மா, ரியாலின் வந்தாச்சு. பத்து மணிக்கே வந்தாச்சு. ஏன் பொழுதுக்கும் ஆபீசுக்குப் போன் போட்டு உயிரை வாங்குற?"

"எங்கடா வந்தா?"

"நம்ம கேட்டுல. புள்ளி நிக்குது பாரு."

"புள்ளி நிக்கும் டோட்டோ. புள்ளியா வந்து சளி எடுக்கும்? ஆளைக் காணோம்."

"நல்லாப் பாரும்மா. டெக்னாலஜி பொய் சொல்லாது, மனுஷங்கதான் சொல்லுவாங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். மதில் ஓரமாக, மாமர நிழலில், நர்ஸ் சட்டையோடு ரியாலின் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"இங்க என்ன பண்ற இந்தாய்?" சின்னப் பெண்களை இங்கே அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். "உள்ள அவருக்கு நெஞ்சு கொதிக்குது, கேக்கலயா?"

"கேக்குது மனாங். அதான் வரல."

"அதான் வரலன்னா?"

"மியாகாவோல இருந்து நேரா வர்றேன். ரிட்டயர்டு டீச்சர். காலையில அஞ்சு மணிக்கு அமுக்க ஆரம்பிச்சேன். கடைசிப் பையன் பக்கோலோட்ல இருந்து படகுல வந்து சேர ஒம்பதே கால் ஆச்சு. அம்மா முகத்தைப் பாத்துட்டு போதும்னு சொன்னாரு. கைய எடுத்தேன். கைய எடுத்த அஞ்சாவது நிமிஷம் போன் கத்துது, பத்து மணிக்கு கிம்பால்னு."

"வழியில நின்னுட்டு வர வேண்டியதுதான?"

"ரெண்டு சிவப்பு ஏற்கனவே இருக்கு. மூணாவது வாங்கிட்டு வீட்டுல உக்காந்தா தம்பி தங்கச்சி என்ன சாப்பிடும்? சரி, நிக்காமப் போயிடுவோம்னு வந்துட்டேன். உங்க கேட்டப் பாத்ததும் கால் வரமாட்டேங்குது. டீச்சர் எம் பின்னாடியேதான் நிக்கிறாங்க."

லூடிவினா தன்னையறியாமல் அவளுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு நாய் சொறிந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. எந்திரி. படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது?"

"நீங்களா மனாங் இப்படிச் சொல்றீங்க?" ரியாலினுக்குக் கோபம் வந்துவிட்டது. "பயிற்சியில மொத நாளே உங்க மாமனார் கதையத்தான சொன்னீங்க. சான் ஹோவாகின்ல ஒரு படகுக்காரர் செத்துட்டாரு, நீங்க நிக்காம நேரா வீட்டுக்கு வந்தீங்க, அவரும் கூடவே வந்து உங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு. இதே வீடு. இதே ரூமு. இப்ப நான் நேரா உள்ள போனா உங்க வீட்டுக்காரரு என்ன ஆவாரு? நாளைக்கு எம் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்த கதை, சொன்னவளுக்கே எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது.

கதையில் பாதி நிஜம். 1995ஆம் வருஷம், மே மாதம். சான் ஹோவாகினில் படகுக்காரருக்கு முந்தின நாள் இரவிலிருந்து மதியம் வரைக்கும் மூச்சுப் பையை அமுக்கிவிட்டு, ஜீப் பிடித்து நேராக இந்த வீட்டுக்குத்தான் வந்தாள். இங்கே மாமனார் சிம்ப்ளிசியோ இதே அறையில் படுத்திருந்தார். மூத்த மகன் டெல்ஃபின் கப்பலில் வேலை பார்ப்பவர், அன்றைக்கு நாலு மணிக்கு வந்து சேர வேண்டும். அவர் முகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று கிழவர் நினைவு தப்புவதற்கு முன் சொல்லியிருந்தார். வீட்டில் உள்ளவர்கள் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். லூடிவினா வந்ததும், நகருங்கள், நர்ஸ் நான் இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று எல்லாரையும் விரட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு கர்வம் அப்போது. கதையின் நிஜம் அதோடு முடிந்தது.

மிச்சத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அவள் தூங்கிவிட்டாள். மத்தியான வெயில், மின்விசிறிச் சத்தம், இருபது மணி நேரமாக மூடாத கண். விழித்தபோது பை மடியில் கிடந்தது, கிழவரின் கை சில்லிட்டிருந்தது. அவள் கன்னத்துக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவே ஒரு துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தத் துண்டை அவள் வைக்கவில்லை.

அப்புறம் எல்லாம் கூச்சலும் அழுகையும். டெல்ஃபின் நாற்பது நிமிஷம் கழித்து வந்து கேட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் விட்டது, யார் கையிலிருந்து போனது என்று கேட்டார். லூடிவினா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிறிஸ்புலோ முன்னால் வந்து, லூடிமேல் தப்பில்லை, அவள் சாவு வீட்டிலிருந்து எங்கேயும் நிற்காமல் வந்துவிட்டாள், அந்தப் படகுக்காரன் கூடவே வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். டெல்ஃபின் அதை நம்பினார். ஊரும் நம்பியது. பாவம், தன் புருஷனும் அதைத்தான் நம்புகிறார் என்று லூடிவினாவும் நம்பினாள். அடுத்த வாரமே சட்டப் புத்தகத்தில் முதல் பக்கம் எழுதினாள். பேய்க்காக என்று எழுதினாள், ஓய்ந்த கைகளுக்காக என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆனால் அன்றைக்கு வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அவள் தூங்கியதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் துண்டை மடித்து வைத்திருக்கிறார். யார்? மாமியாரா, நாத்தனாரா, எதிர்வீட்டுக்காரியா? கேட்டால் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் கேட்கவில்லை. ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருபத்தொன்பது வருஷம் ஓடினாள். உட்கார்ந்தால் அந்தத் துண்டு ஞாபகம் வரும், அதனால் உட்காரவில்லை. ஒரு கிளை திறந்த மறுநாளே அடுத்த கிளைக்கு இடம் பார்க்கக் கிளம்பினாள். லூடிவினாவின் சுறுசுறுப்பு என்று மேயர் மேடையில் வைத்துப் பாராட்டினார். அந்தப் பதினோரு பேரில் ஒவ்வொருத்தராகப் படுக்கையில் விழுந்தபோது தானே போய்ப் பக்கத்தில் இருந்தாள். கடைசி நேரத்தில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே கரகரப்பு ஏறியது. ரியாலின் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. மறுபடி திருகினாள். கட்டைவிரல் மடங்கவே இல்லை, குச்சி மாதிரி நின்றது. அவள் பாட்டிலை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

அந்தக் கட்டைவிரலை லூடிவினாவுக்குத் தெரியும். சான் ஹோவாகினிலிருந்து வந்த ஜீப்பில் அவளுக்கும் அப்படித்தான் நின்றது. ஒரு வார்த்தை அதட்டினால் போதும், இந்தப் பெண் உள்ளே வந்துவிடுவாள். வந்து அந்த விரலோடு கிறிஸ்புலோவின் தொண்டையில் குழாயை விடுவாள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்னொரு பேய்க் கதை கிடைக்கும். இந்தத் தடவை பேயாகப் போவது பாவம் அந்த டீச்சர்.

பாட்டிலை வாங்கிப் பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தாள்.

"உள்ள வராத. எதிர்ல பெட்டிக்கடையில போய் உக்காரு. சூடா ஏதாவது வாங்கிச் சாப்பிடு. நாப்பது நிமிஷம் ஆகாம எந்திரிச்ச, தொலைச்சிடுவேன்."

"சிவப்பு விழும் மனாங்."

"விழட்டும். நான் பாத்துக்கிறேன்."

"சக்ஷன் யாரு பண்ணுவா? உங்க கை..."

"அதையும் நான் பாத்துக்கிறேன். போ."

ரியாலின் தயங்கித் தயங்கித் தெருவைக் கடந்தாள். லூடிவினா உள்ளே ஓடினாள். கிறிஸ்புலோவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. கண்கள் அகலமாகத் திறந்து அவளையே பார்த்தன. கையைக் கழுவினாள், உறையை மாட்டினாள், மெஷினைப் போட்டாள். குழாயைப் பிரித்துக் கையில் எடுத்ததும் அதன் நுனி துள்ளியது. துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இடப்பக்கம் ஓடுகிறது, வலப்பக்கம் ஓடுகிறது. கடவுளே, இன்னொரு தடவை என் கையாலேயா என்று குழாயைப் பின்னுக்கு இழுத்தாள்.

அப்போது அவர் இடது கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கெட்டியாகப் பிடித்தது. ஒரு காலத்தில் வாடகைச் சைக்கிள்வண்டி ஓட்டிய கை, பாதி உடம்பு போன பிறகும் அதில் வலு இருந்தது. மோதிரம் அவள் எலும்பில் அழுந்தி வலித்தது. நடுக்கம் நின்றுவிடவில்லை, குறைந்தது. அது போதும். இரண்டு பேருமாகக் குழாயை உள்ளே விட்டார்கள். மெஷின் உறிஞ்சியது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை. ரத்தம் இல்லை. நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தமில்லாமல்.

அவள் இன்னும் உறையைக் கழற்றவில்லை, போன் அடித்தது. முழங்கையால் அமுக்கி, சத்தம் வெளியே கேட்கும்படி கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"ம்மா, என்னம்மா நடக்குது? ரியாலின் புள்ளி எதிர்க்கடையில போய் நிக்குது. சிவப்பு விழுந்துடுச்சு. வந்தவ அப்பாவைப் பாக்காம கடையில உக்காந்து என்ன பண்றா?"

"நான்தான் அனுப்பினேன்."

"எதுக்கு?"

"சாவு வீட்டுல இருந்து நேரா வந்தா. நேரா வரக்கூடாது."

"ஐயோ ம்மா, மறுபடி அந்தப் பேய்க் கதையா? தாத்தாவைப் படகுக்காரன் கூட்டிட்டுப் போன கதைய எத்தன வருஷம் எல்லார் காதுலயும் சுத்துவ?"

"உங்க தாத்தாவைப் பேய் கூட்டிட்டுப் போகல ஜெர்வின்."

மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது, எப்போதும் செல்லமாக டோட்டோதான்.

"நான் தூங்கிட்டேன். ராத்திரியில இருந்து மத்தியானம் வரைக்கும் அங்க அமுக்கிட்டு இங்க வந்து அமுக்கினேன். கை தானா நின்னுருச்சு. உங்க பெரியப்பா வர்றதுக்கு நாப்பது நிமிஷம் இருந்துச்சு. முழிச்சுப் பாத்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த நாப்பது நிமிஷத்தைத்தான் சட்டத்துல எழுதினேன். பேய்னு சொன்னாத்தான் நர்ஸுங்க நிப்பாங்க, அசதின்னு சொன்னா நிக்க மாட்டாங்க. நீ அதக் கிழிச்சப்ப எனக்குச் சொல்லத் தைரியம் வரல. இப்ப அந்தப் பொண்ணு கட்டைவிரலப் பாத்தேன்."

அவன் பின்னால் ஆபீசில் யாரோ சிரித்துப் பேசுவது மட்டும் கேட்டது.

"பெரியப்பா கேட்டுல மண்டி போட்டு உக்காந்தது எனக்கு ஞாபகம் இருக்கும்மா," என்றான் ஜெர்வின். "எனக்கு ஆறு வயசு. ஏன் உள்ள வராம அங்கயே உக்காந்திருக்காருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ம்."

"இத்தன வருஷம் எப்படிம்மா..." அவன் அதை முடிக்கவில்லை. "அந்தச் சிவப்ப எடுத்துடறேன். நாப்பது நிமிஷத்தயும் போட்டுடறேன். பேய்னு போடவா, அசதின்னு போடவா?"

"உன் இஷ்டம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் லூடிவினா. "அவருதான டெல்ஃபின்கிட்ட எனக்காகப் பேசினாரு. பேய்தான்னு நம்பிக்கிட்டிருக்காரு. இப்பதான் இதக் கேக்குறாரு, என்ன நினைப்பாரோ."

கட்டில் கம்பியில் மோதிரம் பட்டது. டக். டக்.

அவள் திரும்பினாள். கிறிஸ்புலோ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தவறுதலாகப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். அவருக்கு இன்னும் மூச்சே சரியாக வரவில்லை.

"புலோ, என்ன? உனக்குத் தெரியுமா?"

டக். டக்.

"அன்னைக்கே தெரியுமா?"

டக். டக்.

இருபத்தொன்பது வருஷம் வாயில் வைத்திருந்த கேள்வி, பதினோரு பேரில் பத்துப் பேர் முகத்தில் தேடிய கேள்வி. பதினோராவது முகம் தினமும் பக்கத்துத் தலையணையில்தான் இருந்தது.

"அந்தத் துண்டு," என்றாள். "நீதான் வச்சியா?"

அவர் இப்போது கூரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். செத்துப்போன அப்பாவையும் தூங்குகிற மனைவியையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, அவளை எழுப்பாமல் துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியே போன அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பார். கை மெதுவாக எழுந்தது. டக். டக்.

"ம்மா?" போனிலிருந்து ஜெர்வின் கேட்டான். "அது என்ன சத்தம்? ம்மா, லைன்ல இருக்கியா?"

"உங்கப்பா பேசுறாரு," என்றாள்.

எதிர்க்கடையில் ரியாலின் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூப் குடிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. லூடிவினா கை உறையைக் கழற்றிப் போட்டாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தாள். உட்கார்ந்தாள்.